அணுக்கரு மோதலும் அறிவின் உரிமையும்



நம் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்துள்ள இவ்விழாவில், உதவித்தொகை பற்றியும் விடுதி பற்றியும் வேலைவாய்ப்பு பற்றியும் பேசுவதே முறை என்று பலர் கருதக்கூடும். அவற்றைப் பற்றிப் பேசத் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் அமர்ந்துள்ளனர். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் வேறு. அணுக்கருக்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் மோதவிட்டால் பொருள் எந்நிலையை அடைகிறது என்பதை ஆராயும் கோட்பாட்டு இயற்பியலைப் பற்றி எடுத்துரைக்குமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர்.

‘இது நமக்கு எதற்கு?’ என்னும் வினா உங்களுள் பலருக்கு எழும். அது நேர்மையான வினா. அதற்கு விடை கூறாமல் இவ்வுரையை முடிக்கப் போவதில்லை. ஆயினும் ஒரு பொருளின் பயனை ஆராயுமுன் அப்பொருளை அறிந்துகொள்வது நன்று.

பொருளின் உள்ளே

மணல் துகள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது அணுக்களால் ஆனது. அணுவின் நடுவே அணுக்கரு உள்ளது என்பதை 1911இல் ரூதர்போர்டு நிறுவினார். அணுக்கருவினுள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உள்ளன. அவையும் முடிவான துகள்கள் அல்ல. அவற்றுள் குவார்க்குகள் எனப்படும் மும்மூன்று துகள்கள் அடங்கியுள்ளன என்னும் கருத்தை 1964இல் மரே கெல்-மான், ஜார்ஜ் சுவைக் ஆகிய இருவரும் தனித்தனியே வெளியிட்டனர். அக்குவார்க்குகளைப் பசைபோல் பிணைத்து வைப்பவை குளுவான்கள்.

மின்விசைக்கு மின்னூட்டம் காரணமாக இருப்பதுபோல், இப்பிணைப்பு விசைக்கும் ஒரு பண்பு காரணமாக உள்ளது. அதற்கு அறிவியலார் ‘நிறம்’ என்று பெயரிட்டனர். அது கண்ணால் காணும் நிறமன்று. அடையாளத்துக்காக இட்ட பெயரே. அந்நிறங்கள் மூன்று. வருணம் என்னும் வடசொல்லுக்கும் நிறம் என்றே பொருள் என்பதை இந்த அவையினருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆயின் இயற்கை வகுத்த இந்நிறங்களிடையே மேலென்றும் கீழென்றும் இல்லை. மூன்றையும் ஒன்றன் இடத்தில் ஒன்றாக மாற்றி வைத்தாலும் இயற்கை விதி எள்ளளவும் மாறுவதில்லை. அந்தச் சமன்மையே இக்கோட்பாட்டின் அடித்தளம். விசையின் வடிவமும் அதிலிருந்தே பெறப்படுகிறது.

இவ்விசையின் போக்கு விந்தையானது. ஈர்ப்பு விசையும் மின்விசையும் தொலைவு கூடக்கூடக் குறைகின்றன. குவார்க்குகளைப் பிரிக்க முயன்றாலோ விசை குறைவதில்லை. ஏறத்தாழ 15 டன் எடைக்கு ஈடான இழுவிசை தொடர்ந்து எதிர்த்து நிற்கிறது. எனவே தனித்த குவார்க்கை எவரும் கண்டதில்லை. ஆனால் குவார்க்குகள் மிக அருகே நெருங்கும்போது அவ்விசை தளர்ந்துவிடுகிறது. 1973இல் டேவிட் கிராஸ், பிராங்க் வில்செக், டேவிட் பொலிட்சர் ஆகியோர் இதைக் கணக்கிட்டுக் காட்டினர். அதற்காக 2004இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. புரோட்டானில் உள்ள மூன்று குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் அது புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே வரும். எஞ்சிய நிறையெல்லாம் அவற்றின் இயக்க ஆற்றலிலிருந்தும் பிணைப்பு ஆற்றலிலிருந்தும் வருவது. இந்த அவையில் அமர்ந்திருக்கும் நம் ஒவ்வொருவரின் உடல் எடையும் பெரும்பாலும் அவ்வாற்றலின் எடையே ஆகும்.

சாகா காட்டிய வழி

குவார்க்குகளைச் சிறையிலிருந்து விடுவிக்க வழி உண்டா? இவ்வினாவுக்கு விடை காண, 1920ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

பனிக்கட்டியைச் சூடாக்கினால் நீராகிறது. நீரைச் சூடாக்கினால் ஆவியாகிறது. மேலும் மேலும் சூடாக்கினால் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து வெளியேறுகின்றன. அந்நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். எந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் எத்தனை அணுக்கள் இவ்வாறு பிரியும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை 1920இல் வெளியிட்டவர் மேகநாத சாகா. விண்மீனின் ஒளியைப் பகுத்து, அதன் கோடுகளைக் கொண்டே அவ்விண்மீனின் வெப்பத்தை அறியும் வழியை அச்சமன்பாடு திறந்துவிட்டது.

அவர் யார்? 1893இல் டாக்கா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்க ஊரில் வழியில்லை. வேற்றூர் மருத்துவர் ஒருவர் தம் வீட்டில் உணவும் இடமும் அளித்தார். உண்ட தட்டைத் தானே கழுவ வேண்டும், பசுவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவை நிபந்தனைகள் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பின்னர்க் கல்கத்தாவில் கல்லூரி மாணவராக இருந்தபோதும், விடுதியில் உயர்சாதி மாணவர் சிலர் அவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண மறுத்தனர். அவரோ விண்மீன்களின் வெப்பத்தை அளந்தார். 1952இல் மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கல்கத்தாவில் அவர் நிறுவிய அணுக்கரு இயற்பியல் ஆய்வகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சாகா அணுவுக்குக் கண்டதை, அரை நூற்றாண்டுக்குப் பின் கோட்பாட்டாளர் அணுக்கருவுக்கும் பொருத்திப் பார்த்தனர். போதிய வெப்பம் கொடுத்தால் அணுவிலிருந்து எலெக்ட்ரான் பிரிவதுபோல, இன்னும் பன்மடங்கு வெப்பத்தில் புரோட்டானும் நியூட்ரானும் உருகி, உள்ளிருக்கும் குவார்க்குகளும் குளுவான்களும் ஒரு பெரும் கலவையாகக் கட்டின்றி உலவ வேண்டும் அல்லவா? 1975இல் காலின்ஸும் பெரியும், கபிபோவும் பரிசியும் இக்கருத்தை முன்வைத்தனர். 1978இல் எட்வர்டு சூரியாக் இந்நிலைக்குக் குவார்க்-குளுவான் பிளாஸ்மா என்று பெயரிட்டார்.

எவ்வளவு வெப்பம் தேவை? காலத்தையும் வெளியையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துப் பெருங்கணிப்பொறிகளில் கணக்கிட்டதில், ஏறத்தாழ 1.8 இலட்சம் கோடி டிகிரி என்று விடை கிடைத்தது. ஞாயிற்றின் மையத்தில் உள்ள வெப்பம் ஏறத்தாழ 1.5 கோடி டிகிரி. அதைப்போல் ஓர் இலட்சம் மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம் இது. பேரண்டம் தோன்றியபின், ஒரு வினாடியை ஓர் இலட்சம் கூறாக்கினால் அதில் ஏறத்தாழ ஒரு கூறளவு காலத்துக்கு எல்லாப் பொருளும் இந்நிலையிலேயே இருந்தன என்பது அறிவியலாரின் முடிபு.

வாயு அன்று, திரவம்

இவ்வெப்பத்தை எந்த உலையிலும் உண்டாக்க இயலாது. கனமான அணுக்கருக்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்துக்கு முடுக்கி, எதிரெதிரே மோதவிடுவதே வழி. ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தார், பல ஆண்டுச் சோதனைகளுக்குப் பின், புதியதொரு பொருள்நிலைக்கான சான்றுகள் கிடைத்துள்ளதாக 2000 பிப்ரவரியில் அறிவித்தனர். அதே ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில், 3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் தங்க அணுக்கருக்கள் மோதத் தொடங்கின. ஒரு தங்க அணுக்கருவில் 79 புரோட்டான்களும் 118 நியூட்ரான்களும் உள்ளன. செர்னின் 27 கிலோமீட்டர் வளையத்தில் 2010 முதல் ஈய அணுக்கருக்கள் மோதவிடப்பட்டன.

ஒவ்வொரு மோதலிலும் தோன்றும் தீத்துளி, ஒரு வினாடியை 1-க்குப் பின் 22 சுழிகள் கொண்ட எண்ணால் வகுத்தால் வரும் காலத்துக்குள் மறைந்துவிடுகிறது. அதைக் கண்ணால் காண்பது எங்ஙனம்? காண்பதில்லை. அது குளிர்ந்து சிதறும்போது வெளிவரும் ஆயிரக்கணக்கான துகள்களை எண்ணியும் அளந்தும் பின்னோக்கிக் கணக்கிடுகின்றனர். எவ்வகைத் துகள் எத்தனை வெளிவந்தது என்னும் விகிதம், அத்துளி எவ்வெப்பத்தில் சாதாரணத் துகள்களாக உறைந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. விண்மீனின் கோடுகளைக் கொண்டு வெப்பத்தை அறிந்த சாகாவின் முறைக்கு இது நெருங்கிய உறவு.

புரூக்ஹேவனில் தோன்றிய வெப்பம் ஏறத்தாழ 4 இலட்சம் கோடி டிகிரி என்று 2010இல் அறிவிக்கப்பட்டது. குவார்க்குகள் விடுபடத் தேவையானதைவிட இது கூடுதலே. ஆனால் அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது வெப்பமன்று, அப்பொருளின் இயல்பு.

குவார்க்குகள் நெருங்கும்போது விசை தளர்கிறது என்று 1973ஆம் ஆண்டுக் கணக்கு கூறியதல்லவா? எனவே அப்பிளாஸ்மா ஒரு வாயுவைப் போலவே இருக்கும், துகள்கள் ஒன்றையொன்று பெரிதும் பொருட்படுத்தாமல் பறந்து செல்லும் என்றே பெரும்பாலான கோட்பாட்டாளர் எதிர்பார்த்தனர். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருந்தது. இரண்டு அணுக்கருக்கள் நேருக்கு நேராக அன்றிச் சற்றே விலகி மோதும்போது, அவை ஒன்றோடொன்று படியும் பகுதி வாதுமைப் பருப்பின் வடிவில் அமையும். உள்ளே இருப்பது வாயுவானால், துகள்கள் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சிதறும். திரவமானால், பருப்பின் குறுகிய பக்கத்தில் அழுத்தம் செங்குத்தாக மாறுவதால், அத்திசையில் மிகுதியான துகள்கள் பாயும். சோதனையில் கண்டது இரண்டாவதே. துகள்கள் தனித்தனியே பறக்கவில்லை, ஒன்றுசேர்ந்து ஓடின. 2005 ஏப்ரலில் புரூக்ஹேவனின் நான்கு ஆய்வுக் குழுக்களும் தாம் கண்டது வாயு அன்று, ஏறக்குறைய குறையற்ற திரவம் என்று அறிவித்தன.

இரு முனைகளில் ஒரே ஒழுக்கு

குறையற்ற திரவம் என்றால் என்ன? தேன் மெல்ல ஒழுகுகிறது. நீர் விரைந்து ஒழுகுகிறது. உள்ளுரசலாகிய பாகுத்தன்மையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். ஒரு பொருளின் பாகுத்தன்மையை அதன் என்ட்ரோபி எனப்படும் ஒழுங்கின்மை அளவால் வகுத்துக் கிடைக்கும் விகிதமே அத்திரவம் எவ்வளவு தடையின்றி ஒழுகும் என்பதற்கு ஏற்ற அளவுகோல்.

இவ்விகிதத்துக்கு இயற்கையில் ஒரு கீழ் எல்லை இருக்கக்கூடும் என்னும் கருத்தை 2005இல் கோவ்துன், சோன், ஸ்டாரினெட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்டனர். அவர்கள் அதை அடைந்த வழி வியக்கத்தக்கது. 1997இல் மால்டசேனா கண்ட தொடர்பின்படி, வலுவாகப் பிணைந்த துகள்களைப் பற்றிய சில கடினமான கணக்குகளை, ஒரு பரிமாணம் கூடிய வெளியில் உள்ள கருந்துளையைப் பற்றிய எளிய கணக்குகளாக மாற்றிவிடலாம். கருந்துளைக் கணக்கிலிருந்து திரவத்தின் பாகுத்தன்மை பெறப்பட்டது. மோதல்களில் கண்ட திரவத்தின் விகிதமோ அவ்வெல்லைக்கு மிக அருகில் நின்றது. நீரின் விகிதம் அதைவிடப் பன்மடங்கு பெரிது. அம்மூவருள் ஒருவரான டாம் தான் சோன், 1969இல் போர்க்கால வியட்நாமின் ஹனோய் நகரில் பிறந்தவர்.

கதை இத்துடன் முடியவில்லை. 2002இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், லித்தியம் அணுக்களை முழுச்சுழி வெப்பநிலைக்கு மேலே ஒரு டிகிரியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான குளிர்நிலைக்குக் கொண்டுசென்று, சுருட்டு வடிவில் அடைத்து வைத்துத் திறந்துவிட்டனர். அந்த அணுக்கூட்டமும் நீள்பக்கத்தில் விரியாமல் குறும்பக்கத்திலேயே விரைந்து விரிந்தது. ஒன்று பேரண்டத்தின் மிக வெம்மையான பொருள்களுள் ஒன்று. மற்றொன்று மிகக் குளிர்ந்த பொருள்களுள் ஒன்று. இரண்டுக்கும் இடையே 1-க்குப் பின் 18 சுழிகளுக்கு மேற்பட்ட மடங்கு வேறுபாடு. ஆயினும் இரண்டும் ஒரே முறையில் ஒழுகுகின்றன. துகள் யாது என்பதைவிட, துகள்கள் ஒன்றோடொன்று எவ்வளவு வலுவாக உறவு கொண்டுள்ளன என்பதே அவ்வொழுக்கைத் தீர்மானிக்கிறது. குவாண்டம் பொருள்களைப் பற்றிய இன்றைய கோட்பாடு கற்றுத்தரும் பெரும் பாடம் இது.

விடை காணாத வினாக்கள் இன்னும் பல. மோதிய கணத்திலேயே இத்திரவம் எவ்வாறு அவ்வளவு விரைவில் உருவாகிறது? ஒரு புரோட்டானும் ஓர் ஈய அணுக்கருவும் மோதும் சிறு மோதல்களிலும் இத்தகைய ஒழுக்கின் அறிகுறிகள் தென்படுவது ஏன்? சாதாரண அணுக்கருப் பொருள் திரவமாகும் வழியில் சிறப்பான திருப்புமுனைப் புள்ளி ஒன்று உண்டா? புரூக்ஹேவன் வளையம் கால் நூற்றாண்டு உழைத்துச் சேர்த்த அளவீடுகள் ஆராயப்படுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காணப் போகிறவர்கள் இன்று பள்ளியில் படித்துக்கொண்டிருக்கின்றனர்.

நமக்கு எதற்கு?

இப்போது நாம் தொடக்கத்தில் ஒத்திவைத்த வினாவுக்கு வருவோம்.

கோட்பாட்டு இயற்பியலுக்கு வேண்டிய கருவிகள் தாளும் எழுதுகோலும் கணக்கும். பெரிய ஆய்வுக்கூடம் இல்லாதவரும் செய்யத்தக்க துறை அது. அவ்வாறிருந்தும் அது நம் மக்களுக்கு மிகத் தொலைவில் நிற்பது ஏன்? கருவிப் பஞ்சம் காரணமன்று. உழைப்பது சிலர் கடமை, சிந்திப்பது சிலர் உரிமை என்று பிரித்து வைத்த பழைய ஏற்பாடே காரணம். ‘உங்கள் பிள்ளைக்கு இவ்வளவு கணக்கு எதற்கு?’ என்று கேட்பவர் இன்றும் உள்ளனர். அக்கேள்வியில் அக்கறையின் தொனி இருந்தாலும், அதன் வேர் அந்த ஏற்பாட்டிலேயே உள்ளது.

மேலும், இத்துறையின் வரலாறு நமக்கு வேறொன்றையும் உணர்த்துகிறது. பெரும் அறிஞர்கள் வாயுவை எதிர்பார்த்தனர். கருவி திரவத்தைக் காட்டியது. எவருடைய பெயருக்காகவும் அளவீட்டை எவரும் மாற்றவில்லை, எதிர்பார்ப்பைத்தான் மாற்றிக்கொண்டனர். நூலில் எழுதியிருக்கிறது, ஆதலால் கேள்வி கேட்காதே என்று தலைமுறை தலைமுறையாகக் கூறப்பட்ட மக்களுக்கு, கேள்வியையே முறையாகக் கொண்ட இவ்வறிவு அந்நியமானதன்று; மிகவும் உரியது.

நம் பெற்றோரின் நிலையையும் நாம் அறிவோம். கடன் இருக்கிறது, தங்கையின் படிப்பு இருக்கிறது, விரைவில் ஒரு சம்பளம் வேண்டியிருக்கிறது. ஆகவே திறமை மிக்க பிள்ளையையும் உடனே வேலை தரும் படிப்புக்கு அனுப்புகின்றனர். அதில் குற்றம் காண இயலாது. ஆனால் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்ற அண்ணல் அம்பேத்கர், பொருளியலின் அடிப்படைகளை அல்லவா பயின்றார்? நாணயத்தைப் பற்றிய ஆய்வுக்கே 1923இல் இலண்டனில் உயர் பட்டம் பெற்றார். அந்த ஆழ்ந்த படிப்பே பின்னாளில் நம் அனைவருக்கும் கேடயமாயிற்று.

ஆதலின் அடுத்த 25 ஆண்டுகளுக்கு மூன்று பணிகளைச் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, எட்டாம் வகுப்பிலிருந்தே கணக்குக்கென மாலை வகுப்பு. மனப்பாடம் செய்யும் வகுப்பன்று. ‘ஏன்’ என்று கேட்கும் வகுப்பு. கோட்பாட்டு இயற்பியலின் வாயில் அங்கேதான் உள்ளது.

இரண்டாவது, செய்தி. அடிப்படை அறிவியலைக் கற்பிக்க ஐசர் முதலிய மைய அரசு நிறுவனங்கள் உள்ளன என்பதும், 1962இல் தொடங்கப்பட்ட கணித அறிவியல் நிறுவனம் சென்னையிலேயே உள்ளது என்பதும் நம் ஊர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அத்தகைய நிறுவனங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோர்க்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கப்படுகிறது என்பதும், பட்டியல் சாதி ஆய்வு மாணவர்க்கென மைய அரசின் தேசிய உதவித்தொகை தனியே உண்டு என்பதும் பெற்றோருக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால், ஆய்வுப் படிப்பு குடும்பத்துக்குச் சுமை என்னும் அச்சத்தில் பாதி நீங்கும்.

மூன்றாவது, துணை. தொலைவிலுள்ள விடுதிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடலாகாது. 2016 சனவரியில் ஐதராபாத்தில் தம் உயிரை மாய்த்துக்கொண்ட ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா, கார்ல் சாகனைப் போன்ற அறிவியல் எழுத்தாளராக விரும்பியதாகத் தம் இறுதி மடலில் எழுதியிருந்தார். விண்மீன்களை நேசித்த ஓர் இளைஞரை நாம் இழந்தோம். தனித்துவிடப்பட்டோம் என்னும் எண்ணம் நம் பிள்ளைகளில் ஒருவருக்கும் வரலாகாது. சங்கத்தின் மூத்த மாணவர் ஒவ்வொருவரும் வெளியூரில் பயிலும் இளையவர் ஒருவரைத் தம் பொறுப்பில் ஏற்று, திங்கள்தோறும் ஒருமுறையேனும் பேசி, இடர் வந்தபோது நேரில் சென்று நிற்க வேண்டும். இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை, உறுதி தேவை.

ஆண்டுக்கு ஒரு பிள்ளை போதும். 25 ஆண்டுகளில் 25 பேர் ஆவர். அவர்களுள் ஒருவர் ஜெனிவாவின் அளவீடுகளைப் படித்து, இதுவரை எவரும் எழுதாத ஒரு சமன்பாட்டை எழுதக்கூடும். எழுதாவிட்டாலும் குறையில்லை. இயற்கையின் அடிப்படையைக் குறித்து வினா எழுப்பும் உரிமை தமக்கும் உண்டு என்பதை அவர்கள் தம் ஊருக்குக் காட்டியிருப்பர். அடுத்த பிள்ளைக்கு வழி எளிதாகும்.